ஆணுறை வாங்க ஒரு வவுனியாப் பயணம்

போன சனிக்கிழமை காலை, எங்கள் ஊர்ப் பாமசியில் ஒருவன் வாயைத் திறந்து ஆணுறை கேட்டான்!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? எங்கள் ஊருக்கு இது பெரிய செய்தி. எனக்கோ இன்னும் கால் நிலத்தில் படவில்லை...

கேட்டவன் என் கூட்டாளி சுதன். ஓட்டோ ஓடுகிறான். அண்மையில்தான் கலியாணம் முடித்தான். மனைவி நிலானிக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். "சோதினை முடியுமட்டும் பிள்ளை வேண்டாம். அது உங்கட பொறுப்பு" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். இவனும் தலையாட்டிவிட்டான்.

தலையாட்டுவது சுலபம். வாங்குவது? ஊர்ப் பாமசியில் எந்த நேரமும் யாராவது ஒரு மாமி பிரஷர் குளிசைக்குக் காத்திருப்பா. அதிலும் நிலானியின் சொந்த மாமிக்கு அங்கே நிரந்தரக் கதிரை!

ஆகவே எங்கள் ஊர் உடையார்கட்டில் பஸ் ஏறி வவுனியா நகரத்துக்குப் போனோம். போனோம் என்றால், நானும்தான். "நீதானே படிச்சனி, நீ கேளடா" என்று இழுத்துக்கொண்டு போனான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆஸ்பத்திரித் துண்டு வாசிப்பதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இது? இந்தப் பாடம் வந்தபோது எங்கள் ரீச்சர், "இதை வீட்டில வாசியுங்கோ" என்று அடுத்த பாடத்துக்குத் தாண்டிவிட்டா. எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது?

வவுனியாப் பாமசியில் கவுண்டரில் நின்ற பிள்ளை, "என்ன வேணும் அண்ணா?" என்றாள். சுதன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஜீவனி... ரெண்டு பக்கற்" என்றேன். ஓம், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற அதே ஜீவனிதான்!

பின்னால் ஒரு குரல். "தம்பியவை, ஆருக்கு வயித்தால போகுது?"

திரும்பினால் — எங்கள் ஊர்ப் பாமசிக்காரர் யோகன் அண்ணை! கடைக்கு மருந்து எடுக்க வந்திருக்கிறார்.

சுதனுக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அட விசரா! உதுக்கே இவ்வளவு தூரம் வந்தனியள்? என்ர கடையில கிடக்குதடா. கேக்க ஆளில்லாமல், திகதி முடிஞ்சு எறியிறன்."

"எங்க அண்ணை வைச்சிருக்கிறியள்? நான் ஒருநாளும் காணேல்லையே?" என்றேன் நான்.

யோகன் அண்ணையின் குரல் இறங்கியது. "மேசையின்ர கீழ் லாச்சிக்குள்ள... முன்னுக்கு வைச்சால் சனம் என்ன நினைக்கும்?"

எப்படி இருக்கிறது கதை! யாரும் கேட்பதில்லை என்று அவர் ஒளித்து வைக்கிறார். எங்கும் காணவில்லை என்று நாங்கள் கேட்பதில்லை. நடுவில் பஸ்காரருக்குத்தான் லாபம்.

சுதனுக்கு ரோசம் வந்துவிட்டது. "அப்ப நீங்கள் முன்னுக்கு வையுங்கோ. சனிக்கிழமை நான் வந்து கேக்கிறன்."

"கேப்பியோ?"

"கேப்பன்!"

அன்றைக்குத் தேவையானதை யோகன் அண்ணையே கேட்டு வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. தாலி கட்டிய சுதனுக்கே இந்தப் பாடு என்றால், கட்டாத பெடியன்களும் பெட்டையளும் எங்கே போவார்கள்? பஸ்ஸுக்கும் காசில்லாதவர்கள்? கேட்காமலே விட்டுவிடுவார்கள். பிறகு நோய், நின்றுபோன படிப்பு, அவசரக் கலியாணம்... அப்போது மட்டும் ஊர் முழுக்க வாய் திறக்கும்!

சனிக்கிழமை வந்தது. கண்ணாடி அலுமாரியில், பால்மாவுக்குப் பக்கத்தில், பெட்டிகள் அடுக்கியிருந்தன. சொன்னதைச் செய்துவிட்டார் மனிதர்! ஆனால் கதிரையில் — அதே மாமி.

சுதன் நேரே கவுண்டருக்குப் போனான். "அண்ணை, ஆணுறை ஒரு பெட்டி தாங்கோ."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. றோட்டில் ஆள் கூப்பிடுகிற குரல் அல்லவா! கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமி கதிரையை விட்டு எழுந்தா. சுதன் தொலைந்தான் என்றே நினைத்தேன்.

"என்ன எல்லாரும் பாக்கிறியள்? எங்கட பிள்ளை சோதினை எழுத வேணுமெல்லே!" என்றா.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அதற்குள், எங்களுக்குப் பின்னால் நின்ற ஓர் இளைஞன் கையிலிருந்த ஜீவனிப் பக்கற்றை மெல்லக் கவுண்டரில் வைத்தான்.

"அண்ணை... இது வேண்டாம். எனக்கும் அதுதான்."

யோகன் அண்ணைக்கு இனி ஜீவனி வியாபாரம்தான் கொஞ்சம் படுக்கும்!