வாசல் வரை காஞ்சிபுரம்

என் அறைத் தோழி இறந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவளுடைய துணிமணிகளை எடுத்துப்போக அவள் அம்மா சுங்குவார்சத்திரம் வந்திருந்தார்.

அவளும் நானும் கம்பெனியில் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். அவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம், எனக்கு அருப்புக்கோட்டை. கண் மஞ்சளாகியிருக்கிறது என்று முதலில் சொன்னதே நான்தான். தூக்கம் போதவில்லை, அதனால்தான் என்றாள். பிறகு வாந்தி வந்து, நிற்க முடியாமல் போனதும் லீவு போட்டாள். "ஊர்ல மருந்து குடுப்பாங்க, குடிச்சா சரியாயிரும்" என்று ஒரே ஒரு பையோடு பஸ் ஏறினாள். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரொம்ப முற்றிவிட்டதாம். செய்தி வந்தபோது என் போன் கம்பெனி லாக்கருக்குள் இருந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்து பார்க்கிறேன், அதற்குள் அவளை எடுத்துவிட்டார்கள்.

அன்று எனக்கு வாரவிடுமுறை. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஹாஸ்டல் கேட்டருகே வார்டன் அக்காவின் குரல் கேட்டது.

"இன்னாமா, ஒரு போன் பண்ணக்கூடாதா? பொண்ணுங்கள பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பியிருப்பேனே. வா, உள்ள வந்து குந்து."

இறங்கிப்போய்ப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, கையில் ஒரு ஒயர் கூடை. அவர் என்னைக் கண்டதும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அறைக்குக் கூட்டிப்போனேன். அவள் கட்டிலில் புதிதாகச் சேர்ந்த பெண் படுத்திருந்தாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவளை எழுப்பப் போனேன்.

"எழுப்பாத பிள்ள. நைட் ஷிப்ட் பாத்திருப்பா. உறங்கட்டும்."

கட்டிலுக்கு அடியிலிருந்த சூட்கேஸைச் சத்தம் வராமல் இழுத்தோம். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக மடித்தார். ஒரு சுடிதாரில் பட்டன் போயிருந்தது. அதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்து, "தச்சிருக்கலாம்லா" என்றார். பாதி மீந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை என் கையில் கொடுத்து, "நீ தேச்சுக்கோ" என்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும்.

"ஜன்னல்ல பாத்தா ஏரி தெரியும்னு சொன்னாளே?"

நான் சூட்கேஸை மூடப் போனேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

ரயில் சாயங்காலம்தான், செங்கல்பட்டில் ஏற வேண்டும். அதுவரை படுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் கேட்டார்:

"காஞ்சிபுரம் இங்கேருந்து தூரமா?"

"பக்கந்தாம்மா. ஒரே பஸ்."

"வாரவாரம் போன்ல அதத்தான் பேசுவா. என்னையக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீ கூட்டிட்டுப் போறியா?"

போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். காஞ்சிபுரத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் எங்களை வழிமறிக்காத குறையாக, "கோயில் எல்லாம் சுத்திக் காட்டறேம்மா, தறி பாக்கலாம், பட்டுச்சேலை எடுக்கலாம்" என்று பின்னாலேயே வந்தார். கல்யாணத்துக்கா என்று வேறு கேட்டார். அம்மா நின்று, "இல்லய்யா" என்று அவரிடம் தன்மையாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு முதலில் போகலாம் என்றார். அவள் அதிகம் பேசியது அங்கே கூரையில் இருக்கும் பல்லிகளைப் பற்றித்தானாம். ராஜகோபுரத்தின் முன் செருப்பைக் கழற்றப் போனேன். அவர் அங்கிருந்த ஒரு பூக்காரம்மாவின் கடையோரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கம்மா."

"நான் வரக்கூடாதும்மா. வருசம் திரும்பல. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

"இவ்வளவு தூரம் வந்துட்டு…"

"அவளும் பாத்துட்டு வந்து சொல்லத்தான செய்வா. நீயும் சொல்லு."

என்னால் மறுக்க முடியவில்லை. உள்ளே போனேன். விடுமுறைக் கூட்டம். வரிசையில் முன்னாலும் பின்னாலும் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். பட்டர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார். அவள் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போனவர்கள் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை என்று எனக்கும் தெரியும். "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றேன். தீபம் காட்டியபோது பெருமாள் முகம் சரியாகத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. பல்லிகளைத் தொட்டுவிட்டு அவசரமாக வெளியே வந்தேன்.

அவர் அதே இடத்தில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். குளத்தைப் பற்றி, நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைப் பற்றி, படியேறிப் பெருமாளைப் பார்த்தது பற்றி. போனில் கேட்பவர்போல, தரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார்.

"பல்லியத் தொட்டியா?"

"தொட்டேம்மா. தங்கத்துல ஒண்ணு, வெள்ளியில ஒண்ணு."

"பக்கத்துல சூரியனும் சந்திரனும் இருக்குமாமே?"

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. எத்தனையோ தடவை அவளோடு வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட என் கண்ணில் பட்டதில்லை. இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பூக்காரம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்போல. கட்டிக்கொண்டிருந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளி என் மடியில் வைத்தார். "வெச்சுக்கம்மா. உங்கம்மா உள்ள வரலன்னா இன்னா, சாமிக்குத் தெரியாதா?"

அவர் என் அம்மா இல்லை என்று இரண்டு பேருமே திருத்தவில்லை.

பிறகு இலையில் வேகவைத்த கோயில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். மிளகும் சுக்கும் காரமாக இருக்குமென்று மகள் சொல்லியிருந்தாளாம். ஒரு விள்ளல் வாயில் போட்டவர், "ஆமா, காரந்தான்" என்றார். அதற்குமேல் இறங்கவில்லை. காமாட்சியம்மன் கோயிலுக்கும் போகலாமா என்றேன். போதும் என்றார்.

சூட்கேஸ் எடுக்கச் சுங்குவார்சத்திரம் திரும்பி இறங்கியபோது முதல் ஷிப்ட் விட்டிருந்தது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. கழுத்தில் அடையாள அட்டையோடு, ஒரே நிறச் சட்டையில், பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அம்மா அப்படியே நின்றுவிட்டார். ஒரு பஸ் போனால் அடுத்த பஸ்ஸின் படியைப் பார்த்தார். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார்.

"எல்லாப் பிள்ளைகளும் ஒண்ணுபோலல்லா இருக்கு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வெடித்துவிட்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், டீக்கடை வாசலில், அத்தனை பேர் நடுவில், என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். எங்கள் லைன் பெண்கள் சிலர் பார்த்துவிட்டு வந்தார்கள். யாரென்று தெரிந்ததும் அவர்களும் அழுதார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் போய், அங்கிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு போனோம். பிளாட்பாரத்தில் சூட்கேஸின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "வருசம் திரும்பட்டும். வாரேன். ரெண்டு பேருமா உள்ள போவோம்" என்றார். நான் பெட்டியில் ஏற்றிவிட்டு, ரயில் நகரும்வரை ஜன்னலோரம் நின்றேன்.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி போன் செய்தேன். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, கண்ணைக் கண்ணாடியில் பார்த்துக்கோ என்பார். நான் ஒரகடத்தில் வேறு கம்பெனிக்கு மாறினேன், அறையும் மாறிற்று. வருஷம் திரும்பியதும் நானே கூப்பிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். லீவு சொல்லிவைக்க வேண்டும் என்றேன்.

"அங்க வந்து நான் என்னத்தப் பாக்க, பிள்ள" என்றார்.

வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அங்கே மழை பெய்ததா என்று கேட்டேன். லேசாகத் தூறியது என்றார்.