இன்பராஜ் மாமா பாத்திரத்தைத் தொட்ட ஞாயிறு

தேஹு ரோடு ஸ்டேஷனில் காலை லோனாவளா லோக்கலுக்கு நிற்கிறவர்களில் யாரைக் கேட்டாலும் இன்பராஜ் மாமாவைக் காட்டுவார்கள். தளேகாவில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். பத்தொன்பது வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மராத்திச் சீமைக்கு வந்தவர். இப்போது நாற்பத்தேழு. நடக்கும்போதே பாடுவார். சுருதி சேராது, ஆனால் சத்தம் குறையாது.

அவர் ஒரு காலத்தில் நிறையக் குடித்தவர். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். வேலை முடிந்து லோக்கலில் ஏறினால் தூங்கிப்போய், இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி சிவாஜிநகரில்தான் விழிப்பாராம். அங்கிருந்து திரும்பும் வண்டியிலும் தூங்கி மறுகோடியில் லோனாவளா போய்ச் சேருவாராம். ரயில்வேக்காரன் எனக்குக் காவல்காரன் சம்பளம் தந்திருக்க வேண்டும் என்பார். அவர் மனைவி பியூலா அத்தை மட்டும் அந்தக் கதைக்குச் சிரிப்பதில்லை. தேடிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றது அவர்தானே.

குடியை விட்ட கதையை மாமா சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார். ஏழு வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் காலை, கோயிலில் திருவிருந்து. கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இயேசு சாவதற்கு முந்தைய இரவு சீடர்களோடு சாப்பிட்டபோது, அப்பத்தைத் தன் உடல் என்றும் திராட்சரசத்தைத் தன் இரத்தம் என்றும் சொல்லிக் கொடுத்தார். அதை நினைத்து நாங்கள் மாதம் ஒருமுறை பலிபீடத்தின் முன் முழங்கால் போட்டு, ஆளுக்கொரு துண்டு அப்பமும் ஒரே பாத்திரத்திலிருந்து ஒரு வாய் ரசமும் வாங்கிக்கொள்கிறோம். எங்கள் சபையில் கொடுப்பது ஒயின்தான். அன்று மாமாவின் கை நடுங்கிப் பாத்திரம் சரிந்து வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. முந்தின நாள் குடித்ததன் நடுக்கம் அது. அன்றோடு விட்டார். அதற்குப் பிறகு அப்பம் வாங்குவார். பாத்திரம் வரும்போது இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு குனிந்துவிடுவார். பாத்திரம் அவரைக் கடந்து போய்விடும். ஏன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஐயரோடு ஏதோ மனஸ்தாபம் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்லுவோம்.

மாமாவின் மகள் ஸ்நேஹா என் கூட்டாளி. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த இந்த வருடம் இரண்டு பேரும் திடப்படுத்தல் வகுப்பில் சேர்ந்தோம். அது முடிந்தால்தான் முதல் திருவிருந்து. ஐயர் சனிக்கிழமைகளில் பாடம் எடுத்தார். ஒரு சனிக்கிழமை முழுக்கத் திராட்சரசம்தான்.

வேதத்தில் ரசத்துக்கு ஒரே முகம் இல்லை என்றார் ஐயர். நோவா திராட்சைத் தோட்டம் போட்டான், குடித்தான், கூடாரத்தில் அலங்கோலமாய்க் கிடந்தான். வெட்கத்தின் முகம் அது. கானாவூர்க் கல்யாணத்தில் ரசம் தீர்ந்துபோக, இயேசு தண்ணீரை ரசமாக்கினார். அவர் செய்த முதல் அற்புதம் நோயைத் தீர்த்தது அல்ல, ஒரு கல்யாண வீட்டின் மானத்தைக் காத்தது. அது சந்தோஷத்தின் முகம். கடைசி ராத்திரியில் தனக்கு வரப்போகும் வேதனையையே ஒரு பாத்திரம் என்று சொல்லி, இது என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். அது பயம். அதே ராத்திரி சீடர்களிடம், என் பிதாவின் ராஜ்யத்தில் உங்களோடு புதிதாய்க் குடிக்கும் நாள்வரை இதை இனிக் குடிப்பதில்லை என்றும் சொன்னார். அது காத்திருப்பு. ஒரு வாய் ரசத்துக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஸ்நேஹா என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் இதையெல்லாம் அப்பாவிடம் ஒப்பித்தாள். மாமாவுக்குக் கடைசி விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது.

"அப்போ ஆண்டவரும் நானும் ஒரே கட்சி. ரெண்டு பேரும் குடிக்காம காத்துட்டு இருக்கோம்" என்றார்.

ஸ்நேஹா சிரிக்கவில்லை. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் திருவிருந்து வாங்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அம்மாவும் அப்பாவும் முழங்கால் போடுவார்கள். பிள்ளை குடித்த கையோடு அதே பாத்திரத்தில் அவர்களும் குடிக்க வேண்டும். அப்பா குடிக்காவிட்டால் நானும் குடிக்கமாட்டேன் என்று ஸ்நேஹா சொல்லிவிட்டாள். ஒரு சொட்டுதானே அப்பா, அதில் என்ன ஆகிவிடும் என்று கேட்டாள்.

மாமா அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு, "ஒரு சொட்டுன்னு நீ சொல்லுத. எனக்கு ஒரு சொட்டுன்னு ஒண்ணு கிடையாதுட்டி" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. எனக்கும்தான்.

அடுத்த நாள் மாமா தானாகவே ஐயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஏழு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று ஐயர் கோபித்துக்கொண்டாராம். எங்கள் முதல் திருவிருந்து ஞாயிறு ஒயின் வேண்டாம், புதுத் திராட்சையைப் பிழிந்த சாறே போதும், பிழிகிற வேலை உம்முடையது என்று சொல்லி அனுப்பினார்.

ஏப்ரல் மாதம். நாராயண்காவ் கறுப்புத் திராட்சை டெம்போ டெம்போவாக வந்து இறங்கும் நேரம். வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து மாமா பன்னிரண்டு கிலோ வாங்கி வந்தார். பிழிந்ததைக் கொதிக்கவைத்து வைக்கலாம் என்றார் பியூலா அத்தை. கொதித்தால் கஷாயம், வேதத்தில் எங்கே அடுப்பு வருகிறது என்று மாமா கேட்டார். பெரிய பேசினில் போட்டு மாமா, ஸ்நேஹா, நான் மூன்று பேரும் கையால் பிசைந்தோம். மாமா பாடிக்கொண்டே பிசைந்தார். முழங்கைவரை ஊதா நிறம். மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர், வீட்டில் சாயப்பட்டறை வைத்திருக்கிறாயா என்று கேட்டாராம்.

சாற்றை வடிகட்டி எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி மூடினோம். ஃப்ரிட்ஜில் இடமில்லை. ஞாயிறு காலை கோந்த்வாவிலிருந்தும் கராடியிலிருந்தும் சொந்தக்காரர்கள் இட்லி சாப்பிட வருகிறார்கள். வெயிலில் புளித்துவிடக் கூடாது என்று அத்தை இரண்டு பெரிய பாத்திரம் மாவை உள்ளே அடைத்து வைத்திருந்தார். டிரம் அடுப்படி மூலையில் நின்றது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நான் ஸ்நேஹாவைப் பார்க்கப் போனேன். மாமா டிரம்மைத் திறந்தார். மேலே வெள்ளையாக நுரை. சின்னச் சின்னக் குமிழ் வந்து உடைந்துகொண்டிருந்தது. மாமா ஒரு தடவை மூச்சை இழுத்தார். உடனே மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

அத்தை முகர்ந்து பார்த்து, ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்றார். ஸ்நேஹா விரலால் தொட்டு நாக்கில் வைத்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"இது சாறு இல்ல, பியூலா. புளிச்சு எழும்பிட்டு" என்றார் மாமா. "உங்க யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

அத்தை திடுக்கிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தார். முந்தின நாள் மாலையே மாவை வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். மறந்துபோயிருந்தார். வியாழக்கிழமை அரைத்தபடியே மாவு துளியும் அசையாமல் கல் மாதிரி இருந்தது. அத்தை மாவைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார்.

"எழும்ப வேண்டியது எழும்பல. எழும்பக் கூடாதது எழும்பிட்டு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமா மட்டும் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்நேஹா அவர் பக்கத்தில் போய், சேலை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, விடுங்க. கோயில்ல எப்பவும் இருக்கிற ஒயினையே வச்சுக்கலாம். நீங்க கையைக் கட்டிக்கோங்க. நான் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல" என்றாள்.

மாமா அவள் தலையில் கைவைத்தார். பிறகு எழுந்து டிரம்மைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குப் போனார். எங்களை வரவேண்டாம் என்றார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கவிழ்த்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தினார். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் கவிழ்த்தார். கடைசிவரை கவிழ்த்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு உள்ளே வந்தார்.

"மனுகா வாங்கு. கறுப்பு மனுகா" என்றார்.

உலர்ந்த திராட்சையை இங்கே மனுகா என்போம். அதை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் சாறுதான். கோயிலில் மராத்தி ஆராதனை முடிந்து பத்தரைக்குத்தான் எங்கள் தமிழ் ஆராதனை. மூன்று மணி நேரம் இருந்தது. நானும் ஸ்நேஹாவும் வெள்ளைச் சேலையோடு மூன்று மளிகைக் கடைக்கு ஓடி, இருந்த மனுகாவை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தோம். வீட்டில் பாயசமா என்று கடைக்காரர் மராத்தியில் கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை.

எட்டரைக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். இட்லி இல்லை. வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொடுத்து உட்காரவைத்தார் அத்தை. கராடியில் ஐடி வேலை பார்க்கும் அத்தையின் தம்பி, இஸ்திரி போட்ட சட்டைக் கையை மடித்துவிட்டுப் பிழிந்தார். காபியாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, பிழிந்து முடித்தால் கிடைக்கும் என்று பதில் வந்தது. மாமா ஒவ்வொரு பாத்திரமாக மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே நடந்தார். போலீஸ் நாய் தோற்றது என்றார் மச்சினர். மாமாவுக்குக் கோபம் வரவில்லை.

பத்து இருபதுக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். ஐஸில் வைத்த தூக்குவாளி மாமாவின் மடியில் இருந்தது.

பேராயர் முந்தின ஞாயிறே வந்து எங்களைத் திடப்படுத்திவிட்டுப் போயிருந்தார். ஆகவே இன்று முதல் வரிசை எங்களுடையது. என் அப்பா அம்மாவுக்கு நடுவில் நான். அம்மாவுக்கு அடுத்து மாமாவும், அவருக்கு அந்தப்பக்கம் ஸ்நேஹாவும் அத்தையும். ஸ்நேஹா குடித்தாள். அத்தை குடித்தார். ஐயர் பாத்திரத்தைத் துடைத்துவிட்டு மாமாவின் முன் வந்து நின்றார். மாமாவின் கை பழக்கத்தில் மார்புக்குப் போனது. பாதியில் நின்றது. பிறகு இரண்டு கையையும் நீட்டிப் பாத்திரத்தைப் பிடித்தார். லேசாக நடுங்கியது. ஸ்நேஹா அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

ஒரு வாய்தான் குடிக்க வேண்டும். மாமா கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டே இருந்தார். பின்னால் இன்னும் நூற்றைம்பது பேர் இருக்கிறார்கள். கடைசியில் ஐயர் மெதுவாகப் பாத்திரத்தை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஐயரின் உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

வெளியே வந்ததும் எல்லோரும் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஸ்நேஹா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி இருந்தது அப்பா என்று கேட்டாள். மாமா மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"தித்திப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அடுத்த மாசம் தண்ணி கூட்டணும்" என்றார்.