கழுவிய பலகை

கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் சுல்பிகாவுக்கு ஒரு கடிதம் வந்தது. தம்பி காலிதீன் உரத்து வாசித்தார். மௌத்தாகி அடக்கப்பட்ட அவள் மகன் முர்ஷித்தின் பேரில் அவன் படித்த கம்பஸில் ஒரு புலமைப்பரிசில் தொடங்கியிருக்கிறார்களாம். கடலடி முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, ஆராயும் மேற்படிப்புப் பிள்ளை ஒன்றுக்கு வருசா வருசம் அது கிடைக்குமாம்.

"பாத்தியா ராத்தா, கல்லெண்ணப் போறான் எண்டு நான் பகிடி பண்ணின படிப்பு. இப்ப அவன்ட பேரச் சொல்லித்தான் ஆக்கள் கடல்ல இறங்கப் போறாங்க."

"அதுட நன்மை அவனுக்குச் சேருமா தம்பி?"

"பிரயோசனமான இல்மு, படிச்சு விட்டுட்டுப் போன அறிவு, மௌத்துக்குப் புறகும் வந்து சேரும் எண்டு பள்ளி ஹஸரத் சொன்னத்த நீயும் கேட்டதானே?"

சுல்பிகா அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். ஆனால் கடிதத்தின் கடைசி வரி அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. முதல் பரிசில் பெற்ற சுஜித்தா என்ற தம்பிலுவில் ஊர்ப் பிள்ளை, முர்ஷித்தின் குறிப்புகளை வாங்க வீட்டுக்கு வருகிறாளாம்.

ஒன்றரை வருசத்துக்கு முந்தி, திருக்கோவில் கடலில் சுழியோடிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்த முர்ஷித்தை லொறி அடித்துப்போட்டது. ஆஸ்பத்திரியில் அவன் பையைத்தான் கையில் கொடுத்தார்கள். உள்ளே உடுப்பு, கொப்பிகள், கயிறு கட்டிய ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. தண்ணிக்கடியில் பென்சிலால் எழுதுகிற பலகை அது என்று அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் ரத்தம்.

ரத்தம் நஜீஸ், அசுத்தம் அல்லவா? கொப்பிகளைத் துணியால் துடைத்துவைத்துவிட்டு, கிணற்றடியில் இருந்து மற்ற எல்லாவற்றையும் கழுவினாள். பலகையில் ரத்தத்தோடு ஏதோ கறுப்புக் கீறல்களும் கிடந்தன. தேங்காய்ப் பொச்சும் மணலும் போட்டுத் தேய்த்தாள். பால்போல வெளுத்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வந்த அவன் கூட்டாளி பஸால் கேட்டான்: "உம்மா, முர்ஷித் அண்டைக்கு எழுதின பலகை இரிக்கா? அதுலதான் கடைசிக் கணக்கு."

அந்தக் கீறல்கள்தான் மகனின் எழுத்து என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "அப்பிடி ஒண்டும் வரல்ல மனெ" என்றுவிட்டாள். வாயில் வந்த பொய். உடுப்புகளை ஏழைகளுக்கு ஸதக்கா கொடுத்தாள். பலகையை மட்டும் அலுமாரியில் தொழுகைத் துணிக்குக் கீழே வைத்தாள். பிறகு தொழுத ஒவ்வொரு தொழுகையிலும் அந்தப் பொய்க்குப் பிழை பொறுக்கத் தேடினாள்.

சுஜித்தா வந்தாள். மெலிந்த பிள்ளை. பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மீன்காரன்ட மகளுக்கு நீந்தத் தெரியாதா எண்டு முர்ஷித் அண்ணா சிரிப்பார் அம்மா. அவர்தான் என்னை முதல்ல தண்ணிக்குள்ள இறக்கினவர்" என்றாள்.

சுல்பிகா கொப்பிகளைக் கொடுத்தாள். பிள்ளை புரட்டிப் பார்த்தாள். "அந்தக் கடைசி நாள் மட்டும் இல்ல. என்ன செய்யிற…" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இந்தப் பிள்ளை வாசலைத் தாண்டினால் பொய் மகனின் பேரோடு ஒட்டிக்கொண்டே போய்விடும் என்று சுல்பிகாவுக்குப் பட்டது. "பிஸ்மில்லாஹ்" என்று வாய்க்குள் சொன்னாள்.

"அண்டைக்கு எழுதின பலகை இரிந்திச்சு மகள். ரத்தத்தோட சேத்து நான்தான் கழுவின. கேட்ட புள்ளைக்கிட்ட இல்லயெண்டு பொய்யும் சொன்ன."

எழுந்து போய்ப் பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். சுஜித்தா வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது.

"போனது போனதுதான் அம்மா. கடல் சூடான அந்த வெக்கைக்கு எத்தின கல் வெளுத்துச் செத்தது, எத்தின தப்பினது எண்ட கணக்கு இனிக் கிடைக்காது." பலகையை மெல்ல மேசையில் வைத்தாள். "இடம் தெரியும். நான் இறங்கித் திரும்ப எண்ணுறன்."

"அப்ப இதையும் கொண்டு போ."

"ஐயோ, வேணாம். அவர்ட ஞாபகத்துக்கு உங்களிட்ட வேற என்ன இருக்கு?"

சுல்பிகா கயிற்றைச் சுற்றிப் பிள்ளையின் கையில் வைத்து அமத்தினாள்.

"எழுதினாப் புறகு கழுவாமக் கொண்டு வா கிளி. எனக்கு வாசிக்கத் தெரியாட்டியும், ஒருக்காப் பாக்கோணும்."