பனியில் அணைத்த லைட்

சென்ற மார்கழியில், ரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துச் சாலையில் நடந்தது இது. நான் அந்தப் பக்கம் முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தபோது தோட்டத்துப் பெண் ஒருவர் போனில் அழைத்தார். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், மூச்சு இழுக்கிறது, மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

இருவரையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பனி மூடிவிட்டது. அந்த மாதம்தான் வண்டியில் பழைய மங்கல் லைட்டுக்கு மேலே புதிதாக எல்இடி லைட் பூட்டியிருந்தேன், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பனியில் அதைப் போட்டால், எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர் நிற்கிற மாதிரிதான். அந்த வெள்ளைக்குள் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி அசைந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். மார்கழி முழுக்க, விடியும் முன்னே தோட்டத்து ஆட்கள் விளக்கோடு பஜனை பாடியபடி, தாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றுவார்கள். தினமும் அந்தச் சாலையில்தான் எதிரே வருவார்கள். விளக்கு இருக்கும் இடம்தான் சாலை என்று நினைத்து, அதற்கு இடதுபுறமாக வண்டியை விட்டேன்.

பஜனை வந்தால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் வண்டியை நிறுத்தி லைட்டை அணைத்துவிடுவோம். சின்னப் பிள்ளைகளும் நடந்து வருவார்கள், கண் கூசும். பழக்க தோஷத்தில் நானும் நிறுத்தி அணைத்தேன்.

"ஏன் நானா நிப்பாட்டிட்டீங்க?" என்றார் அந்தத் தாய்.

"பஜனை வருதே தங்கச்சி. போகட்டும்."

"அவங்க இன்னைக்கு கீழ் லயத்துக்கு குறுக்குப் பாதையில போறாங்க. நீங்க போங்க நானா."

அதற்குள், லைட் அணைந்ததால் அந்த வெள்ளைச் சுவர் போய், விடியலின் நீல வெளிச்சம் தெரிந்தது. தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மஞ்சள் விளக்கு எங்களுக்கு வெகு கீழே, சரிவில் போய்க்கொண்டிருந்தது. சாலை எங்களுக்குப் பின்னாலேயே வலப்பக்கம் திரும்பியிருந்தது. என் முன்சக்கரம் புல்லில் நின்றது, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

வண்டியைப் பின்னால் எடுத்து, பழைய மங்கல் லைட்டைப் போட்டு, மெதுவாக இறங்கினேன். பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த தாய் எதையும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்ததும் குழந்தையின் மூச்சு சீரானது. அவர் வெளியே வந்து கை கூப்பினார்.

"நீங்க இல்லாட்டி எங்க புள்ள இல்ல நானா."

அந்த நன்றியை வாங்கிக்கொள்ள முடியாமல், பிள்ளையைப் பார்க்கச் சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பினேன். இப்போது அந்தப் பிள்ளை நடக்கிறாள், என் வண்டியைக் கண்டால் கையாட்டுகிறாள். நானும் சிரித்துக் கையாட்டுகிறேன், ஆனால் சக்கரத்துக்கு முன்னால் இருந்த அந்த வெறும் இடம் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.