பம்பருக்கு வாங்கிய கையுறை

திருவொற்றியூரில் நான் வேலை செய்யும் பட்டறையில் பஸ்களுக்கு ஃபைபர் பம்பர் செய்கிறார்கள். அச்சிலிருந்து கழற்றியதும் பம்பர் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பை நம்பக் கூடாது. அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவிய மெழுகு அது. சோப்புத் தண்ணீரில் கழுவி, தின்னரில் துடைத்து, பிறகு எமரி பேப்பரால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் பெயிண்ட் பிடிக்கும். தேய்ப்பது பெண்கள் வேலை. பெயிண்டர் வந்து ஸ்ப்ரே கன்னைப் பிடித்ததும் எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள்.

தேய்க்கும்போது கிளம்புவது வெறும் தூசி இல்லை, ஃபைபருக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் தூள். முழங்கை மடிப்பில், கழுத்தில், விரல் இடுக்கில் ஏறிக் குத்தும். சொரிந்தால் இன்னும் உள்ளே போகும். கையுறை கேட்டால் மட்டும் முதலாளிக்குக் காது கேட்காது. அதனால் நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். காலையில் தேங்காய் எண்ணெயைக் கை, கழுத்தெல்லாம் பூசிக்கொண்டு உட்காருவோம். தூள் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் சோப்புப் போட்டால் எண்ணெயோடு போய்விடும்.

எனக்குக் கைக்குழந்தை. காலடிப்பேட்டையில் அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறேன். எண்ணெய் பூசாமல் வேலை செய்த ஒரு நாள், ஆசையாக அவளைத் தூக்கிக் கன்னத்தைத் தடவிவிட்டேன். கன்னம் தடித்துச் சிவந்து, தூங்காமல் அழுதாள். என் கையே அவளைக் குத்தியது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

போன மாதம் ஒரு பம்பருக்குப் பெயிண்ட் அடித்தபோது முழுக்கச் சின்னச் சின்னக் குழி விழுந்தது. பெயிண்டர் கன்னைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா, எண்ணெ கையோட தொடச்சிகினு கீறீங்க. பெயிண்ட் எப்டிமா நிக்கும்?"

அவர் சொன்னது சரிதான். கடைசியாகத் துடைக்கும்போது எங்கள் கை பட்ட இடமெல்லாம் எண்ணெய். ஆனால் முதலாளி வந்து கத்தியதுதான் தாங்கவில்லை.

"இனிமே எவளாவது எண்ணெ தடவிக்கிட்டு வந்தீங்க, அப்படியே வீட்டுக்குப் போயிருங்க!"

எவளாவதாம். வருஷக்கணக்கில் அவர் பம்பரைத் தேய்க்கிறோம், எங்களுக்கு அந்த மரியாதைதான்.

"அப்போ கிளவுசு குடு மொதலாளி. எங்கைல கொயந்த கீது" என்றேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் நிஜமாகவே ஒரு பெட்டி ரப்பர் கையுறை வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். எண்ணெய் இல்லை என்பதால் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தேன். விரல்களுக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு எமரி பேப்பரை எடுத்தேன்.

"ஏம்மா, கழட்டு கழட்டு" என்று முதலாளி ஓடி வந்தார். "அது கடைசில தொடைக்கறப்ப போடறதுக்கு. தேய்க்கறப்ப போட்டா கிழிஞ்சிரும்ல?"

அப்போதுதான் புரிந்தது. கையுறை எங்களுக்கு வாங்கியதில்லை, பம்பருக்கு வாங்கியது. எங்கள் கை அதன்மேல் பட்டுவிடக் கூடாதாம். அதன் தூள் எங்கள் கையில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லையாம். எனக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது.

"ரப்பரு கிழிஞ்சிடும்னு சொல்றியே, எங்க தோலு கிழியாதா?"

அவர் திரும்பித் தன் மேஜைக்குப் போனார். நான் கழற்றவில்லை. பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குள் என் கையுறை விரல் நுனியில் கிழிந்துவிட்டது. முதலாளி சொன்னபடியேதான். கழற்றி எடுத்துப் போய், அவர் டீ குடித்துக்கொண்டிருந்த மேஜைமேல் வைத்தேன்.

"கிழிஞ்சிடுச்சி. வேற குடு. சாயங்காலம் எம்பொண்ண தூக்கணும்."

கையை நீட்டியபடி அங்கேயே நின்றேன்.