நீலச் சட்டைக்கு எடுத்த அளவு

‘அவன் கர்த்தரிடம் போய்விட்டான், அழக்கூடாது’ என்று துக்க வீட்டுக்கு வந்து சொல்லுகிறவர்கள், முதலில் தங்கள் பிள்ளைகளில் ஒன்றை அனுப்பிவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று ஒன்பது வயதில் நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். இன்றைக்கும் அதை முழுதாக ரத்துச் செய்ய மனம் வரவில்லை. கல்முனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, பிளேன்டீ குடித்து, அதைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒருவர் இருவர் அல்ல. சொல்லி முடித்ததும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். வந்த வேலை முடிந்த நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்களாவது பரவாயில்லை. அம்மாவும் அதையே நம்பினார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தம்பிக்கு ஐந்து வயது. கடல் ஊருக்குள் வந்தது கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு மறுநாள் காலையில். நத்தாருக்கு எங்கள் பலகாரத் தட்டு முஸ்லிம் வீடுகளுக்குப் போகும். பெருநாளைக்கு அவர்கள் தட்டு எங்களிடம் வரும். அந்த முறை கடற்கரையோரம் இருந்த தம்பியின் கூட்டாளி வீட்டுத் தட்டு மட்டும் மறுநாளுக்கு மிஞ்சிவிட்டது. அம்மா என்னைத்தான் கொண்டுபோகச் சொன்னார். புதுச் சப்பாத்து கடிக்கிறது என்று நான் சிணுங்கினேன். நத்தார்ச் சட்டையோடேயே தூங்கி எழும்பிய தம்பி, நான் போறன் என்று தட்டைத் தூக்கினான். அந்த நேரம் சந்திக்கு வந்திருந்த கூட்டாளியின் வாப்பா அவனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனார்.

தண்ணீர் வந்தபோது அந்த மனிதர் ஒரு கையில் தன் மகனையும் மறு கையில் தம்பியையும் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். மகன் மிஞ்சினான். தம்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஊரே இதை அனுதாபத்தோடு சொன்னது, அந்த மனிதர் மீதும் சேர்த்து. எனக்கு அனுதாபம் வரவில்லை. இரண்டு கைகளில் எந்தக் கையை அவர் இறுக்கிப் பிடித்திருப்பார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அப்பா கட்டாரிலிருந்து வந்து, ஒரு மாதம் யாரோடும் கதைக்காமல் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அம்மா ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போனார். பரலோகத்தைப் பற்றிய பாட்டு வந்தால் மற்றவர்கள் எங்களை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அம்மாவின் குரல்தான் எல்லாருக்கும் மேலாகக் கேட்கும். ஒரு ஞாயிறு ஆத்திரம் தாங்காமல் அவருடைய தொடையில் கிள்ளினேன். அம்மா பாடிக்கொண்டே என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மனிதர் எங்களைக் கண்டால் ஒளித்தார். வீடு அள்ளுண்டு போனதால் மருதமுனைப் பக்கம் தகரக் கொட்டில் வரிசையொன்றில் இருந்தார். பஜாரில் அம்மாவைக் கண்டால், வாங்க எடுத்த சாமானையும் அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்து ஒழுங்கைக்குள் இறங்கிவிடுவார். ஒளிக்கட்டும், நன்றாக ஒளிக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த நத்தார் வந்தது. அம்மா அயலுக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவர். அளவு நாடாவை அவர் தொடுவதே அரிது. பிள்ளையை ஒருமுறை திருப்பி நிறுத்திப் பார்த்தால் போதும், வெட்டிவிடுவார். நத்தாருக்கு எனக்குக் கவுன் சட்டையும் தம்பிக்குச் சட்டையும் ஒரே துணியில் தைப்பது அவர் வழக்கம். அந்த வருடமும் நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணியை, இரண்டு பேருக்கும் என்று சொல்லியே கடையில் வாங்கினார். எங்கள் வீட்டுச் செய்தி தெரிந்த கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் மடித்துக் கொடுத்தார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகாவது அம்மாவுக்குப் புத்தி வந்திருக்கிறது. சட்டையைத் தைத்து அலுமாரிக்குள் வைப்பார், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டு அழலாம் என்று காத்திருந்தேன். அளவெடுக்க அவர் அந்தத் தகரக் கொட்டிலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்தப் பையனும் தம்பியும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். தம்பிக்கு அளவெடுக்க வேறு எங்கே போவது?

எங்களைக் கண்டதும் அவன் வாப்பா பின்பக்கத்தால் போய்விட்டார். அம்மா நாடாவை அவன் தோளில் வைத்தார், நெஞ்சைச் சுற்றினார், கையை நீட்டச் சொன்னார். பிறகு திரும்பவும் தோளில் வைத்தார். தகரச் சூடு தலையைப் பிளந்தது. கெதியாய் முடிக்காமல் என்ன வேலை இது என்று நான் வாசலில் நின்று மண்ணை உதைத்தேன்.

நத்தார் அன்று ஆராதனை முடிந்ததும் முதல் தட்டு அந்தக் கொட்டிலுக்குத்தான் போனது. நாங்கள் நுழைந்தபோது அந்த மனிதர் சோற்றுக்கு முன்னால் இருந்தார். எழும்பி ஓட வழியில்லை. அம்மா தட்டை அவர் மனைவியிடம் கொடுத்தார். பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்தார். அந்தப் பையனைக் கூப்பிட்டு அவனுக்கே போட்டுவிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

நான் பாய்ந்தேன்.

“கழட்டுடா! அது என்ட தம்பிட சட்ட!”

இழுத்த இழுப்பில் மூன்று பொத்தான்கள் பறந்து மண்தரையில் விழுந்தன. பையன் வீறிட்டு அழுதான். எனக்கு அதுவும் போதவில்லை. சோற்றுக் கையோடு இருந்தவரைப் பார்த்து, ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினேன்.

“நீங்கதான் தம்பிட கைய விட்டீங்க! உங்கட மகன மட்டும் பிடிச்சிட்டு அவன விட்டுட்டீங்க!”

அம்மா அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. கடல் வந்த அன்றைக்குத் தட்டைக் கொண்டுபோகச் சொன்னது என்னைத்தான் என்பதையும் அவர் எனக்கு நினைவுபடுத்தவில்லை.

அந்த மனிதர் எழும்பி நின்றார். “புள்ள சொல்றது சரிதான் தங்கச்சி. ரெண்டு கையிலயும் ரெண்டு புள்ளயும் இருந்தாங்க. மரமொண்டு வந்து அடிச்சிச்சி. கண்ணத் துறந்து பாக்கக்குள்ள ஒராள்தான் இருந்தாரு. எப்படி விட்டன் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியா.”

“காக்கா, சோத்துல இருந்து எழும்பாதீங்க. இருங்க,” என்றார் அம்மா. மூத்த சகோதரனை அவர்கள் அழைக்கும் முறையிலேதான் அம்மாவும் அவரை அழைப்பார். “என்ட மகன நான் ஒரு நாளைக்குக் காணத்தான் போறன். அதுல எனக்குச் சந்தேகமில்ல. கண்ட உடன அவன் என்ன கேப்பான்? கூட்டாளி எப்படி இருக்கான், அவன்ட வாப்பா எப்படி இருக்கார் எண்டுதான் கேப்பான். அவர் என்னக் கண்டு ஒளிச்சித் திரிஞ்சார், மகன், எண்டு நான் சொல்றதா?”

அவர் திரும்பவும் சோற்றுக்கு முன்னால் இருந்தார். சோற்றுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கையை எடுத்தபோது கன்னத்தில் பருக்கை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

அம்மா பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, பொத்தான்களைத் தேடச் சொன்னார். மண்ணைக் கிளறியும் இரண்டுதான் கிடைத்தன. மூன்றாவதை, என்னைத் திருப்பி நிறுத்தி, என் புதுச் சட்டையின் முதுகிலிருந்து வெட்டி எடுத்தார். நத்தார் நாளில் முதுகு திறந்த சட்டையோடு மெயின் ரோட்டில் நடந்துவந்த அவமானத்தை நான் வருடக் கணக்காய்ச் சொல்லிச் சண்டை பிடித்தேன். அம்மா சிரிப்பாரே தவிர, மன்னிப்புக் கேட்டதில்லை.

விறாந்தையில் வந்திருந்து ஆறுதல் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். எங்கள் அழுகையை நிற்பாட்டுவதற்கு அவர்கள் பரலோகத்தை எடுத்தார்கள். அம்மாவுக்கோ அது போய்ச் சேர வேண்டிய இடம். அங்கே ஒருவன் கேள்வியோடு காத்திருந்தான்.

அந்தப் பையன் மீசை முளைத்து, கடைச் சட்டைதான் வேண்டும் என்று சொல்லும்வரை ஒவ்வொரு நத்தாருக்கும் அம்மா அவனுக்குத் தைத்தார். என் சட்டையைக் கண்ணால் பார்த்தே வெட்டியவர், அவனுக்கு மட்டும் வருடா வருடம் நாடா கொண்டுபோனார். தோளில் வைப்பார், உச்சியிலிருந்து கால்வரை பிடிப்பார், ஒரு அடி பின்னால் போய்ப் பார்ப்பார், திரும்ப வந்து வைப்பார். சட்டைக்கு எதற்கு உச்சந்தலையிலிருந்து அளவு என்று நான் வாசலில் நின்று முணுமுணுப்பேன். யார் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.