இராணுவ லொறிக்கு ஒரு தனி நிரல்

இன்று காலை வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்க நின்றேன். ஒரு கையில் மரக்கறிப் பை, மற்றக் கை பஸ்காரர்களை நோக்கி நீட்டியபடி. எங்கள் ஒழுங்கை வந்து முட்டும் அந்த இடத்தில் பாதசாரிகளுக்கான மஞ்சள் கடவை இல்லை. நீட்டிய கைதான் கடவை. கம்பத்தில் ஏதோ பூட்டிக்கொண்டிருந்தவரிடம் என்னவென்று கேட்டேன். "வாகனம் எண்ணுற கமரா, அங்கிள். ஆக்கள் தேவையில்லை, அதுவே எண்ணும்."

எனக்குச் சுள்ளென்று எரிச்சல் வந்தது. கமராவோடு என்ன கோபம் என்று கேட்காதீர்கள். அதே கம்பத்தடியில் டீசல் புகையைக் குடித்தபடி ஒரு காலத்தில் நானே கமராவாக நின்றிருக்கிறேன்.

அது சிவில் இன்ஜினியரிங் இறுதி வருடம். போக்குவரத்துப் பாடத்துக்கு ஒரு புரொஜெக்ட் செய்ய வேண்டும். எங்கள் ஒழுங்கை வாசலுக்கு ஒரு கடவை தேவை என்று நிறுவிக் காட்டுவோம் என்றான் சுகிர்தன். கொட்டாஞ்சேனைப் பெடியன், வகுப்பில் என் கூட்டாளி. அவனுடைய மாமி எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தார். பஸ்ஸால் இறங்கி வீதியைக் கடந்தபோது மோட்டார் சைக்கிள் தட்டிக் கால் முறிந்து கிடந்தார். ஆகவே அவனுக்கு அது வெறும் மார்க்ஸ் விஷயம் இல்லை.

கடக்கிற சனத்தை நான் எண்ண வேண்டும். வாகனங்களை அவன் வகைபிரித்துத் தாளில் கோடு போட வேண்டும். கார், வான், பஸ், லொறி, த்ரீவீல். யுத்த காலம் அது. இராணுவ லொறிகள் அணியாக வந்தால் மற்ற வாகனங்களை ஓரங்கட்டிவிடுவார்கள், சனமும் கடக்க முடியாமல் நிற்கும். "சும்மா லொறியோட போட்டா இந்த பிளொக் ஏன் வந்ததெண்டு விளங்காது, மச்சான்" என்று அதற்கொரு தனி நிரல் கீறி, தலைப்பும் எழுதினான். ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில்! இரண்டு தமிழ்ப் பெடியன்கள் காலி வீதியில் நின்று இராணுவ வாகனத்துக்குக் கணக்கு வைப்பது பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது படித்த மண்டைகள் இரண்டுக்கும் உறைக்கவில்லை.

"மொனவத மல்லி லியன்னே?" என்ன எழுதுகிறோம் என்று பொலிஸ்காரர் அன்பாகத்தான் கேட்டார். தாளைப் பார்த்ததும் அன்பு போய்விட்டது. சுகிர்தன் அவருக்குச் சிங்களத்தில் போக்குவரத்துப் பொறியியல் படிப்பிக்கத் தொடங்கினான். ஜீப் வந்துவிட்டது.

எங்கள் விரிவுரையாளர் பொலிஸ் நிலையத்துக்கு வந்து கதைத்து எங்களை வெளியே எடுத்தார். தாள்களை எடுக்க முடியவில்லை. "ஹெவி வெஹிக்கிள் எண்டு போட்டிருக்கலாமே, மடையன்களே!" என்றார். சுகிர்தனின் அப்பா இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "படிச்சது காணும். நீ உயிரோட இருந்தாச் சரி." பட்டம் முடியுமுன்பே அவனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

திரும்ப எண்ண எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. போதிய தரவு இல்லாததால் கடவை தேவையென்று நிறுவ முடியவில்லை என்று அறிக்கையை முடித்தேன். அதற்கு நல்ல மார்க்ஸும் போட்டார்கள். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த லொறி அணிகள் இன்றில்லை. சோதனைச் சாவடிகளும் இல்லை. மாமியும் கடைசிவரை காலை இழுத்து இழுத்து நடந்தே போய்ச் சேர்ந்துவிட்டார். சுகிர்தன் ரொறன்ரோவில் ஏதோ களஞ்சியமொன்றில் வேலை செய்கிறான். இன்று வீட்டுக்கு வந்ததும் அவனுக்குக் கோல் எடுத்தேன். "எங்கட இடத்தில இன்னும் கடவை போடேல்லடா" என்றேன்.

அவன் கேட்டான், "எந்த இடம்?"